ஒரு கொடி மட்டும் சிவந்தபோது

மாஸ்கோவின் பல்ஷோய் அரங்கில் 1925-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி, செர்கேய் ஐசன்ஸ்டைன் இயக்கிய 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அது கறுப்பு-வெள்ளைப் படம், பேசாப்படமும்கூட. கலகம் செய்த மாலுமிகள் கப்பலின் கொடிமரத்தில் தங்கள் கொடியை ஏற்றும் காட்சி வந்தபோது, சாம்பல் நிறக் கடலுக்கும் சாம்பல் நிற வானத்துக்கும் இடையே அந்தக் கொடி மட்டும் செக்கச் சிவந்து பறந்தது. படச்சுருளின் 108 சட்டகங்களில் தூரிகை கொண்டு கையால் தீட்டப்பட்ட சிவப்பு அது. அன்றைய திரையிடல் வேகத்தில் கணக்கிட்டால், திரையில் அது நின்றது ஆறேழு நொடிகள்தான்.

ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. கறுப்பு-வெள்ளைக் காட்சியில் ஒரு பொருளுக்கு மட்டும் நிறம் கொடுப்பது இன்று கைப்பேசிச் செயலி ஒன்றினால் சில நொடிகளில் முடிந்துவிடுகிற வேலை. திருமணக் காணொலியில் மணமகளின் கூரைப்புடவை மட்டும் சிவந்திருக்கிறது; விளம்பரத்தில் விற்பனைக்குரிய பொருள் மட்டும் நிறம் பெறுகிறது; பழைய ஊர்வலக் காட்சியில் கொடிகளுக்கு மட்டும் வண்ணம் ஏற்றிப் பரப்புவதற்கும் எந்தத் தடையும் இல்லை. பழகிப்போன உத்தி என்பதால், அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதையோ, அதன் வழியே நம்மிடம் என்ன சொல்லப்படுகிறது என்பதையோ நாம் கேட்பதில்லை. இரண்டுமே கேட்கத்தக்க கேள்விகள். பழைய படக்காட்சிகள் வரலாற்றுச் சான்றாகவும் விளங்குவதால், இரண்டாவது கேள்வி கலையின் எல்லையைக் கடந்துவிடுகிறது.

சிவப்புக்காக ஒரு வெள்ளைக் கொடி

பொட்டெம்கின் கொடியைப் பற்றிய ஒரு செய்தி, இக்கலையின் அடிப்படை விதியை விளக்கிவிடும். படப்பிடிப்பின்போது கொடிமரத்தில் ஏற்றப்பட்டது சிவப்புக் கொடி அல்ல, வெள்ளைக் கொடி. அன்று பரவலாகப் புழங்கிய 'ஆர்த்தோகுரோமேட்டிக்' படச்சுருள் நீலத்தையும் பச்சையையும் உணரும், சிவப்பை உணராது. சிவப்புக் கொடியைப் படம் பிடித்தால் அது திரையில் கறுப்புக் கொடியாகவே தெரியும்.

கறுப்பாகப் பதிவான கொடியின்மேல் சிவப்புச் சாயத்தைப் பூசிவிடக் கூடாதா என்று கேட்கலாம். பூசலாம், பயனில்லை. சாயம் தானாக ஒளியை உண்டாக்குவதில்லை. தன் வழியே செல்லும் வெள்ளொளியிலிருந்து பிற நிறங்களை உறிஞ்சிக்கொண்டு, தனக்குரிய நிறத்தை மட்டும் வெளிவிடுகிறது. படச்சுருளின் கறுத்த பகுதியில் படிந்திருக்கும் வெள்ளித் துகள்கள் ஒளியை முன்னரே தடுத்துவிடுகின்றன. ஒளி நுழையாத இடத்தில் நிறத்துக்கு வேலையில்லை. எனவேதான் சிவப்பு தேவைப்பட்ட இடத்தில் வெள்ளை படமாக்கப்பட்டது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. நிறத்தின் பளிச்சிடலைத் தீர்மானிப்பது அதற்கு அடியில் இருக்கும் ஒளியின் அளவே என்பது ஒன்று. எந்த இடத்துக்கு நிறம் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்தவரின் வேலை செம்மையாக அமையும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் கணினி யுகத்திலும் மாறவில்லை.

தூரிகையும் அச்சும்

திரைப்படம் பிறந்த ஓரிரு ஆண்டுகளிலேயே அதற்கு நிறமூட்டும் முயற்சியும் தொடங்கிவிட்டது. எடிசன் நிறுவனம் 1895-இல் எடுத்த அனபெல்லின் நடனப் படத்தில், சுழலும் ஆடைக்குக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. பாரிஸ் நகரில் எலிசபெத் துய்லியே என்ற பெண்மணி நடத்திய வண்ணக்கூடத்தில் சுமார் 200 பெண்கள் பணியாற்றினர். ஜார்ஜ் மெலியேயின் படங்களுக்கு வண்ணம் தீட்டியது அக்கூடமே. எந்தப் பொருளுக்கு எந்த நிறம் என்பதைத் துய்லியே முடிவு செய்வார். ஒவ்வொரு பெண்ணும் ஒரே ஒரு நிறத்தை மட்டும் சட்டகம் சட்டகமாகத் தீட்டி அடுத்தவரிடம் கொடுப்பார்.

அந்த உழைப்பின் கடினத்தை ஒரு சிறு கணக்கு உணர்த்தும். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரு சட்டகத்தின் அகலம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். ஆறு மீட்டர் அகலத் திரையில் அது 250 மடங்கு பெரிதாகிறது. தூரிகை ஒரு மில்லிமீட்டர் பிசகினால் திரையில் சாயம் கால் மீட்டர் விலகி நிற்கும். அடுத்த சட்டகத்தில் வேறு பக்கம் பிசகினால் நிறம் நடுங்கும். மெலியேயின் 'சந்திரனுக்கு ஒரு பயணம்' (1902) படத்தில் 13,000-க்கும் மேற்பட்ட சட்டகங்கள் இருந்தன. ஒரு பிரதியைத் தீட்டி முடித்தால் அடுத்த பிரதிக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வளவு பிசகுக்கு இடையிலும் அப்படங்கள் பார்க்கத்தக்கனவாக இருந்ததற்கு நம் கண்ணின் இயல்பே காரணம். வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பிரித்தறியும் கண், நிற வேறுபாட்டை அத்தனை நுணுக்கமாகப் பிரித்தறிவதில்லை. உருவத்தின் கூர்மையைக் கறுப்பு-வெள்ளைப் படிமமே சுமந்து நிற்க, அதன்மேல் நிறம் சற்றே வழிந்தாலும் மூளை பொறுத்துக்கொள்கிறது.

பிரதிகளின் தேவை பெருகியபோது, பாத்தே நிறுவனம் 1905-ஆம் ஆண்டளவில் ஸ்டென்சில் முறைக்கு மாறியது. ஒவ்வொரு நிறத்துக்கும் படத்தின் ஒரு பிரதி ஒதுக்கப்படும். அந்நிறம் வேண்டிய பகுதி மட்டும் ஒவ்வொரு சட்டகத்திலும் வெட்டி எடுக்கப்படும். வெட்டிய சுருளைத் திரையிடவேண்டிய பிரதியின்மேல் பொருத்திச் சாயத்தைத் தடவினால், திறந்திருக்கும் இடத்தில் மட்டும் நிறம் ஏறும். நம் வீட்டு வாசலில் துளையிட்ட தகட்டின்மேல் கோலமாவைத் தூவிக் கோலம் பதிப்பதும் இதே தத்துவம்தான். பின்னர் பெரிதாக்கப்பட்ட படத்தின் விளிம்பில் முனையை ஓட்டினால், அதனோடு இணைந்த ஊசி சிறிய சட்டகத்தை வெட்டும்படியான கருவியும் வந்தது. ஒருமுறை வெட்டிய ஸ்டென்சிலைக் கொண்டு பல பிரதிகளுக்கு நிறமேற்ற முடிந்ததால் செலவு குறைந்தது.

அமெரிக்காவில் மேக்ஸ் ஹான்ட்ஷீகல் என்பவர் அச்சுத்தொழிலில் பெற்ற பட்டறிவைத் திரைக்குக் கொண்டுவந்தார். நிறம் வேண்டிய பகுதியைத் தனிப் பிரதியில் அடையாளமிட்டு, அதிலிருந்து சாயத்தை ஏற்கும் அச்சுப் படிவத்தை உருவாக்கி, அதைத் திரையிடும் பிரதியோடு அழுத்திச் சாயத்தை மாற்றும் முறை அவருடையது. சிசில் பி. டிமில்லின் 'ஜோன் தி உமன்' (1916) படத்தில், கதைத்தலைவியைச் சுடும் தீ இம்முறையில் நிறம் பெற்றது. எரிக் வான் ஸ்ட்ரோஹைமின் 'கிரீட்' (1924) பேராசையைப் பற்றிய படம். அதில் தங்க நாணயங்கள் உள்ளிட்ட பொன்னிறப் பொருள்கள் மட்டும் மஞ்சளாக மின்னின. 'தி பேண்டம் ஆஃப் தி ஓப்பரா' (1925) படத்தில் மாடியின் உச்சியில் காற்றில் பறக்கும் மேலங்கி மட்டும் சிவந்திருந்தது. நிறம் அலங்காரம் என்ற நிலையிலிருந்து நிறம் பொருள் என்ற நிலைக்குத் திரைக்கலை நகர்ந்த காலம் இது.

இழந்த நிறங்கள்

இங்கே இன்னொரு செய்தியையும் நினைவுகூர வேண்டும். பேசாப்படக் காலத்துப் படங்கள் எல்லாம் கறுப்பு-வெள்ளையில் திரையிடப்பட்டன என்பது பிழையான எண்ணம். அவற்றில் பெரும்பாலானவை சாயத்தில் தோய்த்தெடுக்கப்பட்டவை. இரவுக் காட்சிக்கு நீலம், தீ விபத்துக்குச் சிவப்பு, விளக்கொளிக்கு இளமஞ்சள் என்ற வழக்கம் இருந்தது. சுருளை அப்படியே சாயத்தில் முக்கினால் படத்தின் வெளிச்சமான பகுதிகள் நிறம் பெறும். வேதிமுறையில் வெள்ளியை நிறமுள்ள சேர்மமாக மாற்றினால் இருண்ட பகுதிகள் நிறம் பெறும். இரண்டையும் ஒருசேரச் செய்து, இளஞ்சிவப்பு வானமும் நீலக்கடலும் கொண்ட அந்திப்பொழுதைக்கூட ஒரே சுருளில் கொண்டுவந்தார்கள்.

பிற்காலத்தில், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களிலிருந்து பாதுகாப்பான சுருள்களுக்குப் படங்கள் மாற்றப்பட்டபோது, செலவைக் கருதிப் பல இடங்களில் கறுப்பு-வெள்ளைச் சுருளே பயன்படுத்தப்பட்டது. மூலச்சுருள் அழிய, நிறமும் அதனோடு அழிந்தது. எஞ்சிய சாம்பல் நிறப் பிரதியே அசல் என்று அடுத்த தலைமுறை நம்பியது. 'சந்திரனுக்கு ஒரு பயணம்' படத்தின் வண்ணப் பிரதியும் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. 1993-இல் பார்சிலோனா திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு, கட்டியாக இறுகிப்போன நிலையில் ஒரு பிரதி வந்துசேர்ந்தது. பல ஆண்டு உழைப்பில் சட்டகம் சட்டகமாகப் பிரித்தெடுத்து மீட்கப்பட்ட அப்படம், 2011-இல் கான் திரைப்பட விழாவில் மீண்டும் நிறத்தோடு திரையேறியது. இல்லாத நிறத்தைச் சேர்ப்பது மட்டுமல்ல, இருந்த நிறத்தைத் தொலைப்பதும் வரலாற்றைத் திரிப்பதே.

சேர்ப்பதும் நீக்குவதும்

வண்ணச்சுருள் பரவலான பிறகு தேர்ந்த இடத்தில் மட்டும் நிறம் என்பது வேறு வடிவங்களை எடுத்தது. ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' (1945) படத்தில் துப்பாக்கி பார்வையாளரை நோக்கிச் சுடும் கணத்தில் ஓரிரு சட்டகங்கள் சிவந்து மறைகின்றன. அகிரா குரோசாவாவின் 'ஹை அண்ட் லோ' (1963) கறுப்பு-வெள்ளைப் படம். கடத்தல்காரனுக்குக் கொடுத்த பணப்பையில் காவல்துறை ஒளித்துவைத்த பொருள் எரியும்போது புகைபோக்கியிலிருந்து எழும் புகை மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. துப்பு கிடைத்துவிட்டது என்பதை வசனம் சொல்வதற்கு முன் நிறம் சொல்லிவிடுகிறது.

கொப்போலாவின் 'ரம்பிள் ஃபிஷ்' (1983) படத்தில் கணினி இல்லாமலே ஓர் எளிய வழி கையாளப்பட்டது. நடிகர்களை முதலில் கறுப்பு-வெள்ளையில் படம்பிடித்தார்கள். அக்காட்சியைப் பின்புறத் திரையில் ஓடவிட்டு, அதன் முன்னே மீன்தொட்டியை வைத்து, வண்ணச்சுருளில் மீண்டும் படமெடுத்தார்கள். மனிதர்கள் சாம்பலாகவும் மீன்கள் வண்ணமாகவும் ஒரே சட்டகத்தில் அமைந்தன.

1998-இல் வெளியான 'பிளஸன்ட்வில்' இவ்வரலாற்றின் திருப்புமுனை. அப்படம் முழுவதும் வண்ணத்தில் எடுக்கப்பட்டு, கணினியில் ஏற்றப்பட்டு, வேண்டாத இடங்களிலிருந்து நிறம் நீக்கப்பட்டது. சேர்ப்பதைவிட நீக்குவது எளிது என்பதை அது நிறுவியது. வண்ணத்தில் பதிவான காட்சியில் எந்தப் புள்ளி என்ன நிறம் என்ற தகவல் முழுமையாக இருக்கிறது; கறுப்பு-வெள்ளையில் பதிவான காட்சியில் அத்தகவல் அறவே இல்லை. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால், இன்றைய மென்பொருள்கள் செய்வது என்ன என்பது விளங்கிவிடும்.

கணினி என்ன செய்கிறது?

மூலக்காட்சி வண்ணத்தில் இருந்தால், வேலை தேர்வு செய்வதில் தொடங்குகிறது. ஒவ்வொரு நிறத்தையும் நிறச்சாயல், செறிவு, ஒளிர்வு என மூன்றாகப் பிரித்து அளக்கிறது மென்பொருள். 'இன்ன சாயலிலிருந்து இன்ன சாயல் வரையிலான சிவப்பை மட்டும் வைத்துக்கொள். மற்றவற்றின் செறிவைச் சுழியமாக்கு' என்று கட்டளையிட்டால் போதும். ஆனால், சிவப்புச் சேலையை வைத்துக்கொள்ளச் சொன்னால், உதடும் செங்கல் சுவரும் நெற்றிக் குங்குமமும் கூடவே நின்றுவிடும். அவற்றை விலக்க, சேலையைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு வரைந்து, உருவம் நகர நகரக் கோடும் நகரும்படி செய்ய வேண்டும். இந்த எல்லையை 'மாஸ்க்' என்பார்கள்.

நிறம் நீக்கிய பகுதியிலும் கவனம் வேண்டும். ஒரே ஒளிர்வு கொண்ட சிவப்பும் பச்சையும் வண்ணத்தில் எதிரெதிராக நிற்கும். கறுப்பு-வெள்ளையில் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். எனவே, பின்னணியில் ஒளிநிழல் வேறுபாட்டைத் தனியே சீரமைக்க வேண்டும். தேர்ந்த ஒளிப்பதிவாளர்கள் ஆடையையும் சுவரையும் நிறத்தால் மட்டுமன்றி ஒளிர்வாலும் வேறுபடுத்திப் படப்பிடிப்பிலேயே இதற்கு ஏற்பாடு செய்துவிடுவார்கள்.

மூலக்காட்சியே கறுப்பு-வெள்ளையானால் துய்லியேயின் கூடத்துக்குத்தான் திரும்ப வேண்டும்; தூரிகைக்குப் பதில் சுட்டி, அவ்வளவே. பொருளின் விளிம்பைச் சட்டகம் சட்டகமாக வரைவதற்கு 'ரோட்டோஸ்கோப்பி' என்று பெயர். மேக்ஸ் ஃபிளைஷர் 1917-இல் காப்புரிமை பெற்ற கேலிச்சித்திர உத்தியின் பெயர் இன்றும் தொடர்கிறது. நொடிக்கு 24 சட்டகங்கள் என்றால் இரண்டு நிமிடக் காட்சிக்கு 2,880 சட்டகங்கள். ஒவ்வொன்றையும் வரையத் தேவையில்லை. இடைவெளிவிட்டுச் சிலவற்றில் வரைந்தால் நடுவில் உள்ளவற்றை மென்பொருள் கணித்துக்கொள்ளும். ஆனால், கூந்தல், புகை, ஈரத்துணி, வேகமாக வீசும் கை ஆகியவற்றுக்குத் தெளிவான விளிம்பே கிடையாது. அங்கே விளிம்பை மென்மையாகக் கரைக்கத் தெரிவதே தொழில்திறன்.

எல்லை வரைந்த பிறகு நிறம் ஊட்ட இரு வழிகள் உண்டு. அடியிலுள்ள ஒளிர்வை மாற்றாமல் நிறத்தை மட்டும் ஏற்றுவது ஒரு வழி. நிறத்தைச் சாயம்போலப் பெருக்கி ஏற்றுவது மற்றொரு வழி. முதல் வழியில் ஒரு சிக்கல் உண்டு. திரையில் தூய சிவப்பின் ஒளிர்வு, வெள்ளையின் ஒளிர்வில் ஏறத்தாழ 21 விழுக்காடு மட்டுமே. பச்சைக்கு 72 விழுக்காடு. நீலத்துக்கு 7 விழுக்காடு. எனவே, வெளிச்சமான சாம்பலின்மேல் ஒளிர்வு மாறாமல் சிவப்பை ஏற்றினால் அது இளஞ்சிவப்பாக வெளிறிவிடும். இருண்ட சாம்பலின்மேல் ஏற்றினால் அரக்காக மங்கிவிடும். இரண்டாவது வழியில் நிறம் செறிவாக அமையும். ஆனால் அப்பகுதி முன்பைவிட இருளும். ஒளிக்கும் நிறத்துக்கும் இடையிலான பழைய பேரத்தைக் கணினியாலும் தவிர்க்க முடியவில்லை.

கைப்பேசிக் காணொலிகளில் நிறம் விளிம்பைத் தாண்டி வழிவதைப் பலரும் கண்டிருக்கலாம். காணொலிக் கோப்பைச் சுருக்கும்போது, வெளிச்சத் தகவலை முழுமையாகவும் நிறத் தகவலை அதில் கால் பங்கு நுணுக்கத்திலும் சேமிப்பது வழக்கம். கண்ணின் அதே பலவீனத்தை நம்பிய சிக்கனம் இது. முழு வண்ணக் காட்சியில் இக்குறை தெரியாது. சாம்பலுக்கு நடுவே ஒரே நிறம் நிற்கும்போது அதன் விளிம்பின் ஒழுங்கின்மை உடனே கண்ணை உறுத்தும்.

செயற்கை நுண்ணறிவின் ஊகம்

செயற்கை நுண்ணறிவு இவ்வேலையை இரு வகையில் எளிதாக்கியுள்ளது. உருவங்களை அடையாளம் கண்டு எல்லை வரைவது முதலாவது. இது பெரும்பாலும் நன்மையே. நிறத்தைத் தானே தேர்ந்தெடுப்பது இரண்டாவது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. லட்சக்கணக்கான வண்ணப் படங்களைக் கற்ற நிரல், வானம் நீலம், புல் பச்சை என்று சரியாகவே ஊகிக்கும். ஆனால், ஒரு சட்டை எந்த நிறத்திலும் இருக்கலாம். விடை தெரியாத நிரல், தவறின் அளவைக் குறைக்க எல்லா விடைகளுக்கும் நடுவான ஒரு மங்கிய பழுப்பை நாடும். அதைத் தவிர்க்கும்படி பயிற்றுவித்தால் துணிந்து ஏதேனும் ஒரு நிறத்தைச் சொல்லும். பார்வைக்கு இரண்டாவது அழகு. உண்மைக்கு இரண்டுமே அன்னியம்.

கறுப்பு-வெள்ளைச் சுருளில் நிறம் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. மென்பொருள் அதைக் 'கண்டுபிடிப்பதும்' இல்லை; மனிதரோ இயந்திரமோ நிறத்தைத் தேர்வுதான் செய்ய முடியும். அன்றைய ஆடை, ஆவணம், நேரில் கண்டவர் சாட்சியம் ஆகியவற்றின் துணையோடு தேர்வு செய்தால் அது ஆய்வு. துணையில்லாமல் தேர்வு செய்தால் அது கற்பனை. திரையில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாது என்பதே இடர்.

வெளிப்படையான பொய், மறைவான பொய்

இந்த இடத்தில்தான் தேர்ந்த இடத்துக்கு மட்டும் நிறமூட்டுவதற்கும் படம் முழுவதையும் வண்ணமாக்குவதற்கும் இடையிலான அறவேறுபாடு புலப்படுகிறது. சாம்பல் உலகில் ஒரு கொடி மட்டும் சிவந்தால், இது இயக்குநரின் கைவேலை என்பது எவருக்கும் தெரியும். அது தன்னை மறைத்துக்கொள்வதில்லை. ஸ்பீல்பெர்க்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' (1993) படத்தில், கிராக்கோவ் யூதர் குடியிருப்பு அழிக்கப்படும் நாளில் கூட்டத்தினிடையே நடந்து செல்லும் சிறுமியின் மேலங்கி மட்டும் சிவப்பு. பின்னர் அதே சிவப்பைப் பிணங்கள் ஏற்றிய வண்டியில் காண்கிறோம். எண்ணிக்கையாக நின்ற மரணம் ஒரு குழந்தையின் மரணமாகிறது. அந்தச் சிவப்பை வரலாற்றுத் தகவல் என்று எவரும் எடுத்துக்கொள்வதில்லை. பார் என்று சுட்டும் விரலாகவே கொள்கிறார்கள்.

முழு வண்ணமாக்கல் இதற்கு நேர்மாறானது. அது எவ்வளவு திறமையாகச் செய்யப்படுகிறதோ, அவ்வளவுக்கு அதைச் செய்த கை மறைகிறது. இதனால் அது கூடாது என்று சொல்லிவிட முடியாது. பீட்டர் ஜாக்சன் 2018-இல் உருவாக்கிய 'தே ஷல் நாட் க்ரோ ஓல்ட்' ஆவணப்படம், லண்டன் போர் அருங்காட்சியகத்தின் முதல் உலகப்போர்க் காட்சிகளுக்கு நிறமூட்டி, நூறாண்டுக்கு முந்தைய வீரர்களை இளைய தலைமுறைக்கு அருகில் கொண்டுவந்தது. 1960-இல் சில பகுதிகள் மட்டும் வண்ணத்தில் அமைய வெளியான 'முகலே ஆஸம்' 2004-இலும், தெலுங்கு 'மாயாபஜார்' 2010-இலும் முழு வண்ணம் பெற்றுப் புதிய பார்வையாளர்களை ஈர்த்தன. தமிழில் எம்.ஜி.ஆர். இயக்கிய 'நாடோடி மன்னன்' (1958) முற்பகுதி கறுப்பு-வெள்ளையாகவும் பிற்பகுதி வண்ணமாகவும் வெளியான படம். அப்பகுப்பே அக்காலத் திரைத்தொழிலின் பொருளாதாரத்தையும் வேட்கையையும் சொல்லும் சான்று. நாளை ஒருவர் அதன் முற்பகுதிக்கும் நிறமூட்டினால், அழகு கூடலாம். அந்தச் சான்று மறைந்துவிடும்.

இதன் இருண்ட எல்லையை 2021-இல் உலகம் கண்டது. கம்போடியாவின் கெமர் ரூஜ் ஆட்சியில் கொல்லப்பட்ட சிறைவாசிகளின் கறுப்பு-வெள்ளைப் படங்களுக்கு ஒருவர் நிறமூட்டினார். சிலரது முகங்களில் புன்னகையும் சேர்க்கப்பட்டிருந்தது. அந்நாட்டின் பண்பாட்டு அமைச்சகம் கண்டனம் தெரிவித்ததை அடுத்து, அவற்றை வெளியிட்ட ஊடகம் திரும்பப் பெற்றது. நிறமூட்டுவதில் தொடங்கும் உரிமை எங்கே முடியும் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

நம் ஊரிலும் நிறம் வெறும் நிறமாக இருப்பதில்லை. 2019-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் அட்டையில் பாரதியாரின் தலைப்பாகை காவி நிறத்தில் இருப்பதாக எழுந்த சர்ச்சையை நினைவுகூரலாம். அது ஓவியம்தான், படக்காட்சி அல்ல. எனினும் ஒரு துணியின் நிறம் மட்டுமே மாநிலம் முழுவதும் விவாதமாகும் என்பதை அது காட்டியது. நாளை விடுதலைப் போராட்டக் காலத்துச் செய்திப்படம் ஒன்றில் ஒரு கொடிக்கோ, ஒரு துண்டுக்கோ எவரேனும் நிறமூட்டிப் பரப்பினால், அது ஊகம் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

இவ்விவாதம் உலகுக்குப் புதிதல்ல. ஜான் ஹஸ்டனின் 'தி ஆஸ்பால்ட் ஜங்கிள்' (1950) படத்தை வண்ணமாக்கி ஒளிபரப்புவதை எதிர்த்து அவருடைய வாரிசுகள் பிரான்ஸில் வழக்குத் தொடுத்தனர். படைப்பாளியின் தார்மிக உரிமையை உயர்த்திப் பிடித்த அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், 1991-இல் வாரிசுகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் 1988-இல் இயற்றப்பட்ட திரைப்படப் பாதுகாப்புச் சட்டம், தேசியப் பட்டியலில் இடம்பெற்ற படங்களை வண்ணமாக்கி வெளியிட்டால் அதனை அறிவிக்க வேண்டும் என்று விதித்தது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, தம் படைப்பு திரிக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையைப் படைப்பாளிக்கு அளிக்கிறது. ஆனால், திரைப்படத்தின் 'படைப்பாளி' என்று சட்டம் கருதுவது தயாரிப்பாளரை. இயக்குநரையோ ஒளிப்பதிவாளரையோ அல்ல. படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமையும் முடிந்துவிடும். நம் கறுப்பு-வெள்ளைக் காலத்தின் பெரும்பகுதி இவ்வாறு பொதுவெளிக்கு வந்துவிட்டது, வந்துகொண்டிருக்கிறது. எவரும் எடுத்து எவ்வகையிலும் நிறமூட்டலாம் என்னும் நிலையில், சட்டத்தை மட்டும் நம்பியிருக்க இயலாது. தொழில் ஒழுக்கம் ஒன்று உருவாக வேண்டும்.

அதற்கு மூன்று நெறிகள் போதும். முதலாவது, நிறமூட்டுவதற்கு முன் மூலப் பிரதியை உயர்தரத்தில் எண்ணிமமாக்கி, எந்த மாற்றமும் இன்றிப் பொதுமக்கள் காணும்படி வைத்திருக்க வேண்டும். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) படத்தின் ஒரு பிரதிகூட எஞ்சாத மொழியில், மூலத்தைக் காப்பதே முதல் கடமை. இரண்டாவது, நிறமூட்டப்பட்ட காட்சி என்ற அறிவிப்பு, காட்சி ஓடும்போதே திரையில் தெரிய வேண்டும். வரலாற்று ஆவணங்களில் இது கட்டாயமாக வேண்டும். மூன்றாவது, எந்தப் பொருளுக்கு எந்தச் சான்றின்பேரில் அந்நிறம் தரப்பட்டது, எது வெறும் ஊகம் என்ற குறிப்பு படத்துடன் சேர்த்தே பாதுகாக்கப்பட வேண்டும். இம்மூன்றுக்கும் ஆகும் செலவு, நிறமூட்டும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

இந்த உத்தியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சரியான இடத்தில் ஒரு துளி நிறம், ஆயிரம் சொற்கள் செய்யாததைச் செய்யும் என்பதற்கு நூறாண்டுத் திரை வரலாறு சான்று. ஐசன்ஸ்டைன் தன் கொடியைச் சிவப்பாக்கினார். ஆனால் கடலையும் வானத்தையும் சாம்பலாகவே விட்டுவைத்தார். அதனால்தான் அந்தச் சிவப்பு யாருடைய சொல் என்பது அன்று அரங்கில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. பழைய காட்சிகளுக்கு நிறமூட்டும் எவரும் கடைப்பிடிக்கத்தக்க நேர்மை அது. நிறம் இருக்கட்டும், அதைத் தீட்டிய கையும் தெரியட்டும்.